வேனுக்குள் மாறிப்போன திருடி

புதிய நாவலின் முதல் பிரதி இன்று காலை அச்சகத்திலிருந்து வந்தது. பிரித்து மூக்கருகே வைத்தேன். மை வாடையோடு உன் நினைப்பும் வந்துவிட்டது. நீ புத்தகத்தை முகர்ந்து பார்க்கிறவள் இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், திருடியது யார் என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவாய். துப்பறியும் கதை எழுதுகிறவளுக்கு இதைவிட அவமானம் உண்டா? கேட்டால், "ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தான் நிம்மதியாப் படிக்க முடியும்ட்டி" என்பாய்.

இட்லிக்கடை பாக்கியம் துப்பறியும் என் தொடருக்கு வாசகர்கள் கிடைத்ததே உன்னால்தான். விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில் சத்தம் போட்டு வாசிப்பாய். கேட்கிற பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். பாக்கியம் யார் என்பதில்தான் அடிதடி. "இட்லி அவிக்கத் தெரியாதவள்லாம் பாக்கியமாட்டி?" என்று கேட்டு அந்த இடத்தை நீயே பிடித்துக்கொண்டாய். நீ வந்து இதைச் சொன்னபோது, உன் இட்லியைத் தின்றவள் என்ற முறையில் நான் வாயே திறக்கவில்லை.

மூன்றாவது கதையில் கோயில் வெண்கலப் பானை காணாமல் போகும். அதில் வரும் பால்காரியை உன் எதிர் சீட்டுச் சொர்ணம் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பால்காரிதான் திருடி என்பது உனக்குத் தெரியும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே, தலையாட்டிவிட்டாய்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அப்போதுதான் கம்பெனியில் ஒருத்தியின் டிபன் கேரியர் காணாமல் போய், எல்லோரும் சொர்ணத்தைச் சந்தேகப்பட்டு, பிறகு அது வேன் சீட்டுக்கு அடியிலேயே கிடைத்திருந்தது. யாரும் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் என் பால்காரி பானையும் கையுமாகப் பிடிபட்டால், கேலி தாங்காமல் மறுநாள் வேனில் ஏறவே மாட்டாள்.

கடைசி அத்தியாயம் வாசித்த அன்று நீ செய்த வேலை எனக்கு மாலையில்தான் தெரிந்தது. வேன் என் வீட்டு வாசலில் நின்றது. ஜன்னலெல்லாம் முகங்கள்.

"ஏ மதினி, பானையை எங்கன ஒளிச்சு வச்சிருக்கீக?"

"கதை எழுதுதேன்னு சொல்லிக்கிட்டு இந்த வேலையும் பாக்கீகளாக்கும்!"

நான் திருதிருவென்று விழித்தேன். கதை எழுதுகிறவளே பானையைத் திருடிவிட்டுப் பழியைப் பால்காரி மேல் போடப் பார்த்தாள் என்று, நீயே ஒரு முடிவைக் கட்டி வாசித்திருந்தாய்! எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் சொர்ணம். நீ இறங்கி வந்து என் காதோரம், "உன்னைய விட்டா எனக்கு வேற யாரு கெடைப்பாட்டி?" என்றாய்.

நீ எங்களையெல்லாம் விட்டுப் போன பிறகு வாசிப்பு சொர்ணத்தின் கைக்கு வந்தது. போன வாரம் அந்த மூன்றாவது கதையை மறுபடி எடுத்தாளாம். அச்சில் இருக்கிற முடிவைப் பார்த்துவிடுவாளே! ஓடிப்போய் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். கையமர்த்தினாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மதினி. அவ அம்புட்டு நேரம் வாசிச்சா, ஒரு பக்கங்கூடப் பெரட்டலயே! எனக்காகத்தான் சொல்லுதான்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"இப்ப எப்படி வாசிக்கப் போறே?"

"அவ வாசிச்ச மாதிரித்தான். நீங்கதானே திருடி?"

பாக்கியத்தையே மிஞ்சுகிற ஒருத்தியை எதிரிலேயே வைத்துக்கொண்டு நீ பாக்கியமாக நடித்திருக்கிறாய், போ! இன்றும் வேன் என் வீட்டைக் கடக்கும்போது "பானைக்காரி மதினி!" என்று குரல் வந்தது. நான்தான் என்று கையைத் தூக்கினேன்.