மலைப் பாதையில் போட்ட வரப்பு

இன்று காலை முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் தேய்க்க உட்கார்ந்தேன். மூடியைத் திறந்ததும் அந்த மலை வாசம் குப்பென்று வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். வாடகை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, தலையில் துண்டு, துண்டுக்கு மேல் அந்தப் பூங்காவில் கொடுத்த ஹெல்மெட், மருமகனிடம் இரவல் வாங்கிய பேண்ட். அந்தக் கோலத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் நுழைவாயிலில் உட்கார்ந்திருந்த குரங்கு எழுந்து போய்விட்டது.

நீ போய் ஆறு மாதமாகிறது. இதற்குள் உனக்கு எழுதியிருக்க வேண்டும். உன்னிடம் சொல்லும்படி நான் ஒன்றும் செய்யாததால் எழுதவில்லை. இப்போது செய்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

நம் ஊரில் சித்திரையும் வைகாசியும் கை சும்மா இருக்கும் மாதங்கள். வயல் வெடித்துக் கிடக்கும், ஆற்றில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். நாம் இருவரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். திருத்துறைப்பூண்டிக்கு, வேதாரண்யத்துக்கு, ஒரு தடவை சீர்காழி வரைக்கும் போனோம். வண்டி வாங்க வசதி வந்த பிறகும் நீ வாங்கவில்லை. கேட்டால், "அதுல போனா வயலு கண்ணுல நிக்காது மாப்ள" என்பாய். ஊரே பைக்கில் பறக்கும்போது ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர் சைக்கிளில் போவதைப் பார்த்துப் பெட்ரோலுக்கு வழியில்லாதவர்கள் என்று நினைத்தவர்களும் உண்டு.

கோயம்புத்தூரில் இருந்த உன் மருமகன்தான் அந்த மலைப் பூங்காவைப் பற்றிச் சொன்னது. காட்டுக்குள் இருபது கிலோமீட்டர் பாதை, சைக்கிள் அவர்களே தருவார்கள், கூட ஒரு வழிகாட்டி வருவார், மத்தியானம் மூன்று மணிக்குள் திரும்பிவிட வேண்டும். "போவமா மாப்ள?" என்றாய். நான் அந்த நிமிஷமே சரி என்றேன். மலை பார்க்கும் ஆசை மட்டும் இல்லை. உன்னைத் தனியாகப் பிடிக்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின வாரம் உன் தம்பி மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்திருந்தார்கள். தம்பி தானே வந்து உன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனான். நீ அதைப் பிரிக்கவில்லை. நான்கு வருஷமாக நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஊருக்கே தெரியும் என்று ஊர் நினைத்தது. உண்மையான காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சண்டை வந்த அந்த ஆவணியில் வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை உன் முறை, அத்தோடு அடைத்துவிடுவார்கள், அடுத்தது ஐந்து நாள் கழித்துத்தான். நாற்றங்கால் வாடி நின்ற நேரம். முதல் நாள் திருத்துறைப்பூண்டிக்குச் சைக்கிளில் போய் வந்த அலுப்பில் நீ தூங்கிவிட்டாய். நான் நாலரைக்குப் போய்ப் பார்த்தேன், உன்னைக் காணவில்லை. அரை மணி நேரம் பாய்ச்சிக்கொள்வோம், அவன் வருவதற்குள் அடைத்துவிடலாம் என்று மடையை என் பக்கம் திருப்பினேன். என் வயலுக்குத் தண்ணீர் உன் தம்பி வயலைத் தாண்டித்தான் வர வேண்டும். அரை மணி ஒரு மணியானது. திருப்பி அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ ஆறு மணிக்கு வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது, உன் தம்பி வயல் ஈரமாக இருந்தது. அப்போதுதான் பாகம் பிரித்து முடித்த நேரம், உங்களுக்குள் ஏற்கெனவே மனத்தாங்கல். நீ அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை. அவன் பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். நீ நம்பவில்லை. உன் நாற்று கருகியது, நீ ஒரத்தநாடு பக்கம் போய் நாற்று வாங்கி வந்து நட்டாய். அந்த நாற்றை இறக்க நானும் கை கொடுத்தேன். அதற்குப் பிறகு நான்கு கோடைகாலம் உன்னோடு சைக்கிள் மிதித்தேன். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. கோழை என்றால் கோழைதான்.

பூங்காவில் சைக்கிள் கொடுக்கும் பெண் கியர் போடச் சொல்லிக் கொடுத்தாள். "நமக்கு எதுக்கும்மா அதெல்லாம், நாங்க நெல்லு மூட்டையோட மிதிச்சவங்க" என்று நீ பெரிய மனுஷத்தனம் காட்டினாய். முதல் ஏற்றத்திலேயே இறங்கித் தள்ளினாய். நமக்குத் தெரிந்த ஏற்றம் ஆற்றுப் பாலம் ஒன்றுதானே. இறக்கத்தில் இன்னும் மோசம், பிரேக்கை நம்பாமல் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தாய். புதுச் செருப்பு பாதியானது. ஆனால் உன் முகம் இருந்ததே, பத்து வயது பையன் தோற்றான். ஒவ்வொரு வளைவிலும் நின்று கீழே பார்த்தாய். சமவெளி புகையாகத் தெரிந்தது. "நம்ம ஊரு எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். நானும் தோன்றிய பக்கமெல்லாம் கை காட்டினேன்.

பாதி வழியில் பாதையை ஒட்டி ஒரு சின்ன ஓடை. கோடை மழை பெய்திருந்ததால் தண்ணீர் சலசலவென்று வந்தது. ஓர் இடத்தில் கரை உடைந்து பாதைக்குக் குறுக்கே ஓடி அந்தப் பக்கப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. நீ சைக்கிளை ஸ்டாண்டு போட்டாய்.

"எவன் ஒடச்சு விட்டான்னு தெரியலயே. நல்ல தண்ணி வீணாப் போவுது பாரு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அதுதான் வெட்கம். இரவல் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு நீ இறங்கினாய். கல்லை உருட்டி வைத்தாய், புல்லோடு மண்ணைப் பெயர்த்து அணைத்தாய், குதிகாலால் மிதித்து இறுக்கினாய். நான் மண் அள்ளிக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில், அந்தக் காட்டுக்கு நடுவில், நம்மூர் வரப்பு ஒன்று நேராக நின்றது. தண்ணீர் அடங்கி ஓடையோடு போனது. நீ உள்ளங்கையால் வரப்பின் தலையைத் தட்டிக் கொடுத்தாய்.

பின்னால் வந்த வழிகாட்டி சைக்கிளை நிறுத்தினாள். காக்கிச் சட்டை போட்ட, நம் பிள்ளைகள் வயதுப் பெண்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"தண்ணி வீணாப் போச்சும்மா. அணைச்சு விட்டுருக்கோம்."

"அது வீணாப் போகலீங்ணா. கீழ ஒரு குட்டை இருக்குது. வெயில் காலத்துல மானெல்லாம் அங்கதான் வந்து குடிக்கும். நீங்க அடைச்சுட்டீங்கன்னா அதுக எங்க போகும்? கலைச்சு உட்டுருங்க."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நீ பதில் பேசியிருப்பாய். பள்ளத்தை எட்டிப் பார்த்தாய். பிறகு குனிந்து, போட்ட வரப்பை உன் கையாலேயே பிரித்தாய். எந்தக் கல்லை எங்கிருந்து எடுத்தாயோ அங்கேயே கொண்டுபோய் வைத்தாய். அவள் முன்னால் போனாள். நீ ஓடைத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே சிரித்தாய்.

"அடுத்தவன் முறைத் தண்ணியில கைய வச்சுட்டமே மாப்ள. என் தம்பிய எத்தன பேச்சு பேசியிருக்கேன், கடைசியில நானும் அதே ஆளுதான்."

இதைவிட்டால் எனக்கு வேறு இடம் கிடைக்காது என்று தெரிந்தது.

"உன் தம்பி இல்ல. அன்னைக்கு மடையத் திருப்புனது நான்தான்" என்றேன்.

நீ கையை உதறவில்லை. தண்ணீர் விரல் நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. வைவாய் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"எத்தன மணிக்கு?" என்று கேட்டாய்.

"நாலரைக்கு."

"நான் தூங்கிட்டேன்" என்றாய். அவ்வளவுதான். ஏறி மிதித்துப் போய்விட்டாய். இந்தத் தடவை இறக்கத்தில் காலைத் தேய்க்கவில்லை. உன்னை எட்டிப்பிடிக்க என்னால் முடியவில்லை.

பிறகு ஊருக்குத் திரும்பினோம். கோயம்புத்தூரிலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. கரூரில் டீ வாங்கி வந்தாய், எனக்கும் ஒன்று கொடுத்தாய், முகத்தைப் பார்க்காமல் கொடுத்தாய். ஊரில் இறங்கியதும் பையோடு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாய். உள்ளே என்ன பேசினாய் என்று தெரியாது. அந்தக் கல்யாணத்தில் பெரியப்பனாக நீதான் முன்னால் நின்று எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாய். என்னையும் கூப்பிட்டாய், "வாங்க" என்று. நீ என்னை அதற்கு முன் வாங்க என்று சொன்னதே இல்லை. அந்தச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மூன்று மாதம் அப்படிப் போனது. ஆவணியில் ஒரு காலை உன் சைக்கிள் மணி என் வாசலில் கேட்டது. இறங்காமலே நின்றாய்.

"மாப்ள, தண்ணி வந்துருச்சு. இன்னைக்கு ஒன் முறை. மடையத் திறந்து விட்டுட்டுத்தான் வர்றேன், போயி பாரு."

நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். என் வீட்டுக்காரி பல்வலியா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு கோடை நாம் சைக்கிளில் சுற்றினோம். அந்தப் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ தம்பியிடம் என் பெயரைச் சொல்லியிருப்பாய் என்றும், அவன் பெருந்தன்மையாக என்னோடு பேசுகிறான் என்றும் நினைத்துக்கொண்டு வசதியாக இருந்தேன். உன் பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் தெரிந்தது. பந்தலில் என் பக்கத்தில் உட்கார்ந்து உன் தம்பி சொன்னான்:

"யாரு செஞ்சதுன்னு எத்தனையோ தடவ கேட்டேன்ணே. 'தப்பு என்னுதுடா, நான்தான் தூங்கிட்டேன்'னு அதையேதான் சொன்னாரு. மலைக்குப் போயிட்டு வந்து அண்ணன் மனசு மாறிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். கூடப் போன ஒங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் பிடிக்கவிட்டேன். என் பெயரைக் காப்பாற்ற நீ அந்தப் பழியை உன் தூக்கத்தின் மேல் போட்டுக்கொண்டாய், நான் அவன் நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அதன் பிறகு ஐந்து மாதத்துக்கு மேல் வீட்டில் சாப்பாடு ருசிக்கவில்லை.

போன வாரம் போய்ச் சொல்லிவிட்டேன். மலையில் உன்னிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான், வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கதிர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தவன் அதைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். திரும்பி வரவில்லை. அவன் மனைவி வந்து, "காபி போட்டேன், ஆறிப்போயிருச்சு, நீங்க போங்கண்ணே" என்றாள்.

அன்றிலிருந்து வரப்பில் எதிரில் வந்தால் வயலில் இறங்கி விலகிப் போகிறான். ஊரில் என்ன என்று கேட்கிறார்கள், கேட்பவர்களிடமும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவன் மேல் கோபம் இல்லை. உன் மேல்தான் கொஞ்சம் கோபம், நீ இருந்திருந்தால் நடுவில் நின்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாய்.

நீங்கள் இருவரும் என்னால் நான்கு வருஷம் பேசாமல் இருந்தீர்கள். எனக்கு எட்டு நாள்தான் ஆகிறது. மீதியையும் நான் இருந்து பார்த்துவிடுகிறேன் மாப்ள.