பக்க எண் போடாத பதினொரு நோட்டுகள்

அக்கா,

விரல் நுனியெல்லாம் கோந்து. உன்னுடைய பதினொரு நோட்டுகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, நேற்றுக் காலையிலிருந்து நோட்டுக்கும் பக்கத்துக்கும் எண் போட்டு, ஓரங்களில் கலர் காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். எந்த நோட்டைத் திறந்தாலும் நீ வாங்கிக் குவித்த பூப்போட்ட டேப்பின் வாசனை குப்பென்று வருகிறது. இந்த மாதிரி வாசனைக்கெல்லாம் கண் கலங்க வேண்டும் என்பார்கள். எனக்குக் கலங்கவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. செத்தவளோடு சண்டை போடக் கூடாதுதான். ஆனால் நீ இருந்தபோது என்னை ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விட்டதில்லை. இப்போதாவது குறுக்கே பேசாமல் கேள்.

இந்தப் பைத்தியம் உனக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். செல்போனில் எவளோ ஒருத்தி, கோடு இல்லாமல் புள்ளி மட்டும் வைத்த நோட்டில் நாள், வேலை, நினைப்பு எல்லாவற்றையும் அழகழகாக எழுதிக் காட்டினாள். அவள் புல்லட் ஜர்னல் என்றாள், நீ புள்ளி நோட்டு என்றாய். அடுத்த வாரமே கீரமங்கலம் வீட்டுக்குப் பார்சல் வந்துவிட்டது. விடியலில் மல்லிகை பறித்துக் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவுக்கு இட்லி கொடுத்துவிட்டு, பேனாக்களோடு உட்கார்ந்தாயானால் உலை கொதித்து வழிந்தாலும் நிமிர மாட்டாய்.

நானோ புதுக்கோட்டையில் ஓர் அலுவலக ரெக்கார்ட் ரூமில் இருபது வருடமாகக் கோப்பு எடுத்துக் கொடுக்கிறவள். கேட்ட காகிதம் ஐந்து நிமிடத்தில் கைக்கு வராவிட்டால் அது காகிதமே இல்லை, குப்பை என்று நம்புகிறவள். உன் முதல் நோட்டைப் பார்த்த அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னேன்.

"மொத நாலு பக்கத்தக் காலியா விடுக்கா. அது இன்டெக்ஸ். எல்லாப் பக்கத்துக்கும் நம்பர் போடு. புதுசா ஒண்ணு எழுதுனா உடனே முன்னாடி வந்து பேரையும் நம்பரையும் குறிச்சிரு. அதே விஷயம் தள்ளிப்போயி வேற பக்கத்துல தொடர்ந்தா, அந்த நம்பர இங்க எழுது, இந்த நம்பர அங்க எழுது. அட்டையில தேதி போடு. நீ போடுற குறிக்கெல்லாம் என்ன அர்த்தம்னு கடைசிப் பக்கத்துல எழுதி வை."

நீ நிலா வரைந்துகொண்டிருந்தாய். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஒன் ஆபீஸ் புத்திய அங்கிட்டு வச்சுட்டு வாடி. நம்பர் போட்டா பக்கமே அசிங்கமாப் போயிரும்."

"அப்ப எப்படிக்கா தேடுவ?"

"நான் எழுதுனது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? என்னயக் கேளு, எடுத்துத் தாரேன்."

எடுத்தும் தந்தாய். அதுதான் என் வயிற்றெரிச்சல். தேங்காய் பறிக்கிறவர் போன் நம்பர் கேட்டால், "அது நம்ம மோட்டார் எரிஞ்ச அன்னைக்கு வாங்குனதுல்ல" என்று ஒரே புரட்டில் நீட்டுவாய். நீ எதையும் அதனதன் பெயரை வைத்துத் தேடியதில்லை. அன்றைக்கு வேறு என்ன நடந்தது என்பதை வைத்துத் தேடினாய். தேதியும் எழுத மாட்டாய். 'புயலுக்கப்புறம் மூணாவது கோடை' என்று எழுதுவாய். தென்னையெல்லாம் சாய்ந்த அந்தப் புயலை வைத்துத்தான் நம் ஊரே காலத்தைச் சொல்கிறது, எனக்கும் தெரியும். பேச்சுக்கு அது சரி. நோட்டில் எழுத அது ஒரு தேதியா?

போன பங்குனியில் பூப் பறித்துவிட்டு வந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பதினொரு நோட்டுக்கும் இருந்த ஒரே பொருளடக்கம் நீதான். அதையும் கையோடு கொண்டுபோய்விட்டாய். அம்மாவை நான் புதுக்கோட்டைக்குக் கூட்டிவந்தேன். நோட்டுகளைப் பார்க்கப் பிடிக்காமல் கீரமங்கலத்து பீரோவிலேயே வைத்துப் பூட்டினேன்.

போன மாதம் அம்மா என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஆபரேஷன் என்று முடிவானது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்து வரிசையாகக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன். கடைசியில், "முன்னாடி ஏதாவது ஊசி ஒத்துக்காமப் போயிருக்கா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாய்யா" என்றது அம்மா, படுக்கையிலிருந்து. "காய்ச்சல்னு போயி ஒரு ஊசி போட்டாங்க. ஒதடு வீங்கி மூச்சடச்சுப் போச்சு. அன்னைக்கே போயிருக்க வேண்டியவ நான்."

இப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"என்ன ஊசிம்மா?"

"வெள்ளப் பொடி ஆத்தா. தண்ணி விட்டுக் கலக்குனாங்க. பேரு உங்க அக்காவுக்குத்தான் தெரியும். எழுதி வச்சிருக்கேன்னு சொன்னாளே."

"வெள்ளைப் பொடில பத்துப் பன்னெண்டு இருக்கும்மா" என்றார் டாக்டர். "தெரியலைன்னா டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். ஆனா இந்த வயசுல அந்த ரிஸ்க் எதுக்கு? சாயங்காலத்துக்குள்ள பேரைப் பார்த்துச் சொல்லுங்க."

ஊசி போட்டதாக அம்மா சொன்ன கிளினிக் இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. அந்த டாக்டர் எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. என் வீட்டுக்காரரை அம்மாவிடம் உட்காரவைத்துவிட்டு, கீரமங்கலம் பஸ் ஏறினேன். ஆலங்குடி தாண்டும் வரை உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டது.

பீரோவைத் திறந்து, தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எது முதல் நோட்டு, எது கடைசி நோட்டு என்றே தெரியவில்லை. சமையல் பட்டியலுக்கு நடுவில் அம்மாவின் பிரஷர் அளவு. பிரஷருக்கு அடுத்த பக்கம் பூராவும் கட்டம் கட்டமாகக் கலர். ஒரு மாசம் முழுக்க ஆரஞ்சு. ஆரஞ்சு என்றால் சந்தோஷமா, தலைவலியா? 'அம்மா' என்று தலைப்புப் போட்ட பக்கங்கள் நாலு நோட்டில் சிதறிக் கிடந்தன. ஒன்றில்கூட இன்னொன்று இருக்கும் இடம் இல்லை. கண்ணாடி பவர் இருந்தது, முழங்கால் தைலம் இருந்தது, ஊசி இல்லை. சில வரிகளுக்கு முன்னால் புள்ளி, சிலவற்றுக்கு நட்சத்திரம், சிலவற்றுக்கு ஓர் இலை. இலைக்கு என்னடி அர்த்தம் என்று ஆளில்லாத வீட்டில் கத்தினேன். ஆமாம், உன்னை 'டி' போட்டுத்தான். கையிலிருந்த நோட்டைச் சுவரில் வீசினேன். மணி மூன்றரை.

பிறகுதான் உன் புத்தியில் யோசிக்கலாம் என்று தோன்றியது. இவருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா, ஊசிய விடு. அன்னைக்கு வேற என்ன நடந்துச்சு?"

"வேற என்ன. உங்க அக்கா ஒனக்குப் போன் மேல போன் போட்டா. நீ எடுக்கல. அப்பறம் எடுத்து, ஆடிட் நடக்குது, ஞாயித்துக்கெழமை வாரேன்னியாம். அதுக்கப்பறந்தானே ஒரு மாசம் ஒன்னோட பேசாம இருந்தா."

அந்த ஒரு மாசம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. திருவிழாவுக்கு வராததற்குத்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று நினைத்து, நானும் வீம்புக்கு விட்டுவிட்டேன். அன்றைக்குப் போனில் நீ சொன்னது, "அம்மாவுக்கு முடியல, வா" அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் அம்மா அடுப்படியில் நின்று குழம்பு தாளித்துக்கொண்டிருந்தது. மூச்சு நின்று திரும்பிய மனுஷி என்று எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

சுவரோரம் கிடந்த நோட்டில், பூ பார்டர் கட்டி, 'தங்கச்சி' என்று தலைப்புப் போட்ட பக்கம் ஒன்றை முன்பே பார்த்திருந்தேன். என் ஜாக்கெட் அளவு, பிறந்தநாள் என்று ஏதாவது இருக்கும் என்று தள்ளிவிட்டேன். இப்போது எடுத்துப் படித்தேன்.

பொங்கலுக்கு வரவில்லை. மோட்டார் எரிந்தது, போன் எடுக்கவில்லை. அம்மா கண் ஆபரேஷன், வரவில்லை. எல்லா வரிக்கும் முன்னால் இலை. இலை என்றால் நான். பதினாலு வரி. ஒன்பதாவது வரியில்: 'அம்மாவுக்கு ஊசி. உதடு வீங்கி மூச்சு முட்டியது. மூன்று தடவை கூப்பிட்டேன். ஆடிட்டாம்.' பக்கத்திலேயே மருந்துக் குப்பியின் லேபிளை உரித்து, ரோஜாப்பூ டேப் போட்டு ஒட்டியிருந்தாய். செஃப்ட்ரியாக்சோன்.

படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "நல்ல வேளைம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடி இதத்தான் போடுறதா இருந்துச்சு. மாத்திருறேன்."

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறது. அந்த மருந்தின் பெயரை மூன்று அட்டையில் எழுதி, என் பர்ஸில் ஒன்று, இவர் பர்ஸில் ஒன்று, அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒன்று வைத்திருக்கிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனிமேல் உன்னை மன்னித்துவிட வேண்டும் என்கிறார்கள். என்னால் முடியவில்லை. அன்றைக்கு என் மூஞ்சிக்கு நேரே, "அம்மா செத்துப் பொழச்சிருக்கு, ஒனக்கு ஆடிட்டா பெருசு?" என்று காறித் துப்பியிருக்கலாமே. கேட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஓடி வந்திருப்பேன். அதை விட்டுவிட்டு, பார்டர் கட்டி, பூ ஒட்டி, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் எழுதி வைத்தாய். யார் படிக்க எழுதினாய்? அந்தப் பதினாலில் ஒன்று பொய், தெரியுமா? கண் ஆபரேஷனுக்கு நான் வந்தேன். நீ டீ வாங்கப் போயிருந்தாய். ஆபீஸில் வாங்கிய பெர்மிஷன் முடிந்துவிட்டது என்று நீ வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன். மற்ற பதின்மூன்றும் உண்மை. அதற்கு உன்மேல் கோபப்படுவதா, என்மேல் கோபப்படுவதா என்று பிரித்து வைக்கத் தெரியாமல்தான் இத்தனை கத்தல்.

நேற்று இவர் மேசைப் பக்கம் வந்து அந்தப் பக்கத்தைப் படித்தார். "லேபிள மட்டும் வேற பக்கத்துல ஒட்டிட்டு, இதக் கிழிச்சுப் போட்டுரேன். நாளைக்கு நம்ம பொண்ணு எடுத்துப் படிச்சா என்ன நெனைக்கும்?" என்றார். கத்தரிக்கோலை எடுத்தேன் அக்கா. பொய் சொல்ல மாட்டேன். டேப்பின் ஓரத்தில் வைக்கவும் வைத்தேன். இருபது வருடத்தில் எத்தனை பேர் கோப்பிலிருந்து எத்தனை தாளை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஒருத்தருக்கும் மசியாதவள், எனக்காக மசிவதா? கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

முதல் நாலு பக்கங்களை நீ எந்த நோட்டிலும் காலியாக விடவில்லை. அதனால் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, பதினொன்றுக்கும் சேர்த்து அதில் பொருளடக்கம் எழுதுகிறேன். ஒரு விஷயத்தை ஒரு பெயரில் மட்டும் எழுதினால் போதாது. தேடி வருகிறவர் எந்தெந்தப் பெயரில் தேடுவார் என்று யோசித்து, அத்தனையிலும் எழுத வேண்டும். 'அம்மா' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்: ஒத்துக்கொள்ளாத ஊசி, ஏழாம் நோட்டு, பக்கம் 83. 'மருந்து' என்ற தலைப்பிலும் அதையே எழுதினேன். அந்தப் பக்கத்துக்கென்று இன்னொரு தலைப்பு வேண்டியிருந்தது. 'தங்கச்சி' என்று நீ வைத்தது உன்னைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது. பேனாவைப் பிடித்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டது. என் கையெழுத்திலேயே, தெளிவாக, எழுதினேன்.

நான் வராத நாட்கள்: ஏழாம் நோட்டு, பக்கம் 83.