மாமன் கட்டிய சாட்டின் தொட்டில்

சின்னமனூர்
பிரமாதி வருஷம், சித்திரை 18

என் கண்ணான மகள் கஸ்தூரிக்கு, உன் ஆத்தா மாயக்காள் எழுதுவது. சுருளி வேலப்பர் புண்ணியத்தில் இங்கே உன் அப்பா, அண்ணன், மதினி, மாடு கன்று எல்லாம் சுகம். பெஜவாடாவில் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். பேரன் சுகம் என்று எழுத மட்டும் உனக்குக் கை வரவில்லை. அந்த ஒரு வரி இல்லாமல் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை.

முதல் காரியமாக எழுந்து போய்த் தொட்டிலை அவிழ்த்துவிடு, மிச்சத்தைப் பிறகு படிக்கலாம். உன் அண்ணன் ஒச்சாண்டி சம்மதம் சொல்லிவிட்டான். மாமன் கட்டிய தொட்டிலை மாமன் கைதான் அவிழ்க்க வேண்டும், வேறு கை பட்டால் உறவு அறுந்துபோகும் என்று சம்பந்தியம்மாள் பயப்படுவதாக எழுதியிருந்தாய். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நம் பக்கத்திலும் அதே வழக்கம்தானே. ஆனால் பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு கொப்பளித்து உடைந்து, உடம்பு அனலாய்க் காய்ந்து, பாலைக்கூட வேண்டாமென்று அழுகிறான் என்று படித்த பிறகு எனக்கு வழக்கமாவது ஒன்றாவது. அந்த ரயில்வே வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே, வழுவழுவென்று ஜப்பான் சாட்டின் துணியில் தொட்டில், உள்ளே சாட்டின் உறை போட்ட இலவம்பஞ்சு மெத்தை. பச்சைப்பிள்ளை வெந்து போகாமல் என்ன செய்யும்?

அந்தச் சம்மதத்தை வாங்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உன் கடிதம் வந்த அன்றே அவனுக்குப் படித்துக் காட்டினேன். எடுத்த எடுப்பிலே குதித்தான். "மருதையில கடை கடையா ஏறி எறங்கி வாங்குன துணி, ஊரே கண்ணு வச்சது. இப்ப அது ஆகலையாக்கும்! கந்தலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தா உங்களுக்கெல்லாம் இனிச்சிருக்குமோ?" என்று கத்திவிட்டு, போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டான். மறுநாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. அங்கே பிள்ளை என்ன பாடுபடுகிறதோ என்று நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கிறேன், இவன் ரோஷத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். நான் பெற்றது இரண்டு, எந்தப் பக்கம் பேசுவேன் சொல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து படுக்கப் போனான். தைத்தது போக மிச்சமிருந்த சாட்டின் பெட்டியில் கிடந்தது இல்லையா, அதை எடுத்து அவன் கட்டிலில் விரித்து வைத்திருந்தேன். பார்த்ததும் அவனுக்குப் பெருமைதான், மீசையைத் தடவிக்கொண்டு படுத்தான். உலை கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை, இந்தப் பக்கம் புரள்கிறான், அந்தப் பக்கம் புரள்கிறான், எழுந்து உட்கார்ந்தால் முதுகில் வேர்வை ஆறாய் ஓடுகிறது. "என்னாத்தா இது, தோலோட ஒட்டிக்கிட்டு வருது" என்றான். "நீ தடிமாடு கணக்கா இருக்கிற ஆளு, முடியலைன்னதும் எந்திரிச்சிட்ட. அவன் எந்திரிக்கத் தெரியாத பிள்ளைடா" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். உன் கடிதத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னான், படிக்கையிலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அப்புறம் அவன் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன், சம்பந்தியம்மாளுக்கும் படித்துக் காட்டு. "அவ கை வேற, என் கை வேறயா? ஒரே வகுத்துல பெறந்த கை. அவளையே அவுக்கச் சொல்லு. இன்னைக்கே அவுக்கச் சொல்லு."

தான் கட்டிப் பழசான வேட்டி ஒன்றை எடுத்துத் தொட்டில் அளவுக்குக் கிழித்து, முனையில் தானே ஒரு முடிச்சும் போட்டு வைத்திருக்கிறான், மாமன் சீர் இனி இதுதானாம். முல்லையாற்றில் அடித்து அடித்து மல்துணி போல இளகிப்போன துணி, வேர்வையை உறிஞ்சும், காற்றும் உள்ளே போகும். அதைப் பார்சலில் அனுப்புகிறோம், வந்து சேரும் வரை காத்திருக்காதே, உன் பழைய நூல் சேலையில் கட்டு. புதுத்துணி வேண்டாம், கஞ்சி விறைப்பு பிள்ளை உடம்பை அறுக்கும். இலவம் மெத்தையை எடுத்துவிடு, உடம்பு அதில் புதைந்தால் சூடு வெளியேறாது. பகலில் வாசலோரம் தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, கோரைப்பாய் போட்டு, மேலே நூல்துணியை இரண்டாய் மடித்து விரித்துப் படுக்க வை. நனைந்தால் உடனே மாற்று, அடியில் ரப்பர் துணி போடாதே. நீயும் பால் கொடுக்கும்போது பட்டு ரவிக்கையைக் கழற்றி எறி. இவ்வளவு செய்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் யார் முகத்தையும் பார்க்காதே, ரயில்வே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் எங்கள் நமஸ்காரம். நீயும் பிள்ளையும் நோய் நொடி அண்டாமல் நூறு வயசு இருக்க வேண்டும். கடிதமாய் எழுத நேரமில்லாவிட்டால் ஒரு கார்டில் "தூங்கினான்" என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. வெள்ளிக்கிழமையிலிருந்து உன் அண்ணன் கட்டிலில் ஏறவில்லை, வெறுந்தரையில் கிடக்கிறான். கேட்டால், மருமகன் தூங்கினான்னு சேதி வரட்டும், பெறகு நான் படுத்துக்கிறேன் என்கிறான்.

இப்படிக்கு,
உன் கார்டுக்கு வழி பார்த்திருக்கும் ஆத்தா,
மாயக்காள்