அன்று சிரித்ததற்கு

சத்யபிரியா
வண்டலூர்
ஜூன் 2006

அன்புள்ள தம்பி ஜெபகுமாருக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கிறேன். போன் செய்தால் கட் செய்துவிடுகிறாய். நியாயம்தான். அதனால் உன் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

வெள்ளிக்கிழமை நீ வந்தபோது நாங்கள் கஞ்சா குடித்துக்கொண்டிருந்தோம். மறைக்க என்ன இருக்கிறது, வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாயே. அன்று காலை தாம்பரம் மார்க்கெட்டில் கடை கேட்கப் போயிருந்தோம். கைதட்டி, வியாபாரம் செழிக்கட்டும் என்று வாழ்த்திக் காசு வாங்குவது எங்கள் பிழைப்பு. ஒருவன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். சுற்றி நின்றவர்களுக்கு ஒரே குஷி. வீடு திரும்பினால் இதையெல்லாம் யாரும் பேச மாட்டோம். எங்கள் குரு சாமுண்டீஸ்வரி பீடியைப் பிரித்துக் கஞ்சாவை அடைத்துப் பற்றவைப்பார். கை மாறி வரும். கொஞ்ச நேரத்தில் பட்ட அசிங்கமே வேடிக்கையாகிவிடும். எனக்கு வேண்டாம் என்றால் தள்ளி உட்கார வேண்டும். நம் வீட்டில் தள்ளி உட்கார்ந்தே எனக்கு அலுத்துவிட்டதடா.

இந்த வீட்டுக்கு யாருடைய சொந்தக்காரரும் வந்ததில்லை. உன்னைப் பார்த்ததும், என்னை வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறாய் என்று எல்லாருமே நினைத்துவிட்டோம். எங்களோடு இருக்கும் அங்காளம்மாள் ஜாங்கிரி வாங்க ஓடினாள். குரு உனக்குத் திருஷ்டி கழித்தார். நீ மிரண்டுபோய் நின்றாய், எனக்குச் சிரிப்பு பொங்கியது. அப்போதுதான், அம்மாவுக்கு வாய் கோணிகிச்சு, ஐசக் ஐசக்னு உன்னையே கேட்டுகினு கீது என்று சொன்னாய்.

நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். காதில் விழுந்தது, மண்டைக்கு ஏறவில்லை. இல்லை, போதை மேல் மட்டும் பழி போட மாட்டேன். சிரித்த வாய் என்னுடையதுதான். நீ அழுதுகொண்டே படியிறங்கினாயாம், அங்காளம்மாள் சொன்னாள். தெளிந்த பிறகு செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லாமலே போய்விட்டாய். குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தேன். வாட்ச்மேன் கேட்டிலேயே விரட்டிவிட்டான். நம் கோவிலம்பாக்கம் வீட்டுக்கு வந்தால் தெருவே கூடிவிடும், உனக்குத்தான் தலைகுனிவு.

கஞ்சாவை இனித் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்து உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. அம்மாவைப் பார்க்க வரும் நாளில் தொட மாட்டேன். புடவையில் வர மாட்டேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் பேண்ட் சட்டை கேட்டு வைத்திருக்கிறேன். முடியை வெட்டச் சொன்னால் அதையும் வெட்டிக்கொள்கிறேன். நர்ஸ் கேட்டால் ஊரிலிருந்து அண்ணன் வந்திருக்கிறான் என்று சொல்லிக்கொள். அம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறேன்.

எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று ஒரு வரி எழுதுடா. கர்த்தர் அதுவரை அவளுக்கு உயிர் தரட்டும், உனக்கும் கொஞ்சம் இரக்கம் தரட்டும்.

உன் அண்ணன்,
ஐசக்