அக்கா கூப்பிடவில்லை

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மா இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு என்னிடம் வருவதாக எழுதியிருந்தாய். வராதே.

இந்தத் தீவுக்கு நர்ஸாக வந்த இரண்டு வருஷத்தில் சண்டை போட்டுத்தான் வார்டைத் திருத்தினேன். கொதிக்க வைக்காத ஊசியை இங்கே யாரும் தொடமாட்டார்கள். விரிப்பைத் தினமும் மாற்றுகிறோம். இங்கே குடியேறிய பெங்காலிப் பெண்களிடம் எங்கே வலிக்கிறதென்று இந்தியில் நானே கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர்ப்பக்கத்து ஞானசெல்விக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஏற்றுவதற்கு இங்கே ரத்தம் கிடையாது. போர்ட் பிளேர் கப்பல் வர நான்கு நாள் இருந்தது. “நீங்க இருக்கீங்கல்ல சிஸ்டர்” என்று என் கையைப் பிடித்திருந்தாள்.

அவள் குழந்தைக்கு இப்போது நான்தான் புட்டிப்பால் கொடுக்கிறேன்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. அங்கேயே பெரியாஸ்பத்திரியில் பெயர் பதிந்துகொள். உன் மாமியார் கேட்டால், அக்கா கூப்பிடவில்லை என்று சொல். என்னைத் திட்டட்டும்.

உன் அக்கா