முதுகு காட்டி நிற்கிற நாலு செகண்டு

14 ஜூலை 2025, திங்கள்

டப்பிங் கம்பெனி ஆனந்தகுமார் சென்னையிலிருந்து காலையிலேயே ஃபைல் அனுப்பிவிட்டார். ‘ஒன்பது நிலவுகள்’ என்கிற வெளிநாட்டு விண்வெளிப் பட வரிசையில் நாலாவது படம். ஆனால் கதைப்படி இதுதான் முதலில் நடந்தது. மூன்று படங்களில் நரைத்த தாடியோடு வந்த பெரியவரை இதில் இருபத்தைந்து வயசு ஆளாகக் காட்டுகிறார்கள். தமிழ் டப்பிங் வசனம் எழுத எனக்கு ஆறு வாரம்.

“மேடம், இதுல பெரியவர் அடிக்கிறாரு. பதினோரு நிமிஷம் சண்டை. தியேட்டரே எந்திரிச்சு நிக்கும் பாருங்க” என்றார்.

என்ன எழவுக்கு அவர் அடிக்கணும்? மூணு படத்திலும் எதிரி வந்தால் இடிக்கம்பு என்கிற தன் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து பேசுகிற மனுசன். அதற்காகத்தானே ஜனம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அடிக்கிறதுக்கு ஆயிரம் ஹீரோ இருக்கானுவ. அடிக்காமல் இருக்க இவர் ஒருத்தர்தான் இருந்தார்.

ஃபைலைத் திறக்கவில்லை. மதியம் கீரை ஆய்ந்தேன்.

16 ஜூலை

திறந்தேன். மூடிவிட்டேன்.

17 ஜூலை

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று எழுதிப் பார்க்கிறேன்.

முதல் படத்தில், ஆறு வருசம் முன்னால், ஒரு இடம். பெரியவர் கம்பைக் கீழே வைத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பார். மூலத்தில் அங்கே வசனமே கிடையாது. ஆனால் முதுகு தெரிந்தால் உதடு தெரியாது. உதடு தெரியாத இடத்தில் டப்பிங் எழுதுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், கதை விளங்காத இடங்களை அப்படித்தான் ஒட்டுவோம். அங்கே நான் அப்பாவின் வரியை வைத்தேன்.

“என் கையால ஒருத்தரும் விழுந்ததில்லை.”

ஜவுளிக்கடையில் யாராவது சண்டைக்கு வந்தால் அப்பா இதைத்தான் சொல்லுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. வந்தவன் அதற்குமேல் நிற்கமாட்டான். என்னையும் ஒரு நாள் அடித்ததில்லை, கணக்குப் பரீட்சையில் பதினாறு வாங்கியபோதுகூட.

வரி பிடித்துக்கொண்டது. ஆட்டோ முதுகில் எழுதினார்கள், பனியனில் அடித்தார்கள். உலகத்தில் வேறு எந்தப் பாஷையிலும் பெரியவர் அதைச் சொல்லவில்லை என்று இங்கே யாருக்கும் தெரியாது. இப்போது அந்த ஆளே கம்பைச் சுழற்றி ஒருத்தனைச் சாய்க்கிறான். அதுவும் கூடப்பிறந்தவன் மாதிரி வளர்ந்த சிநேகிதனை. நான் எழுதின பொய்யை நானே எழுதி உடைக்கணும்.

பொய்யா? அப்பா விஷயத்தில் பொய் இல்லையே.

21 ஜூலை

பழைய படத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டு வரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம். அடுப்படியிலிருந்து அம்மா, “இந்தா வாரேன்” என்றாள்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

தப்பு என்மேல்தான். பெரியவருக்குக் குரல் கொடுக்கிற சங்கரராமன் சாருக்கு முதல் படத்தின்போதே அப்பாவின் வாய்ஸ் மெசேஜ் நாலை அனுப்பி, இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுங்க என்று சொன்னவள் நான். அவரும் அப்படியே பிடித்துக்கொண்டார். அப்பா போய்ப் பதினோரு மாசம். குரல் மட்டும் சம்பளத்துக்குப் பேசிக்கொண்டிருக்கிறது.

26 ஜூலை

கல்லறைக் கல் விஷயமாக அம்மாவோடு வாக்குவாதம். ஆகஸ்ட் 23 முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. அதற்குள் கல் வைக்கணும். கீழே அப்பாவின் வரியைப் போடச் சொல்லி ராஜபாளையம் ரோட்டுக் கல் கடையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

“அது வேண்டாம்ட்டி. வேதத்துலருந்து ஒரு வசனம் போடு.”

“வேதம் எல்லாருக்கும் பொது. இது அவருக்குன்னே உள்ளதும்மா.”

“சொன்னாக் கேளு.”

“ஏன் வேண்டாம்? காரணம் சொல்லு.”

அம்மா கொடியில் காய்ந்த துணியை எல்லாம் மறுபடி உதறி மறுபடி காயப்போட்டாள்.

29 ஜூலை

சங்கரராமன் சார் மாதிரிக்கு ஒரு பக்கம் பேசி அனுப்பினார், குரலை இளசாக்கி.

அப்பாவை இருபத்தைந்து வயசில் எனக்குத் தெரியாது. அந்த வயசுப் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஹெட்போனில் இப்போது அந்த வயசு அப்பா மூச்சு வாங்க, “கிட்ட வராத, சொல்லிட்டேன்” என்கிறார்.

கழற்றி வைத்துவிட்டேன். பக்கத்து வளவில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளும் கேட்கிற மாதிரியே இருந்தது.

2 ஆகஸ்ட்

படத்தின் முன்னோட்டம் வந்துவிட்டது. கீழே கமென்ட்டில் ஒரே அடிதடி. ‘எங்க பெரியவர் கை ஓங்க மாட்டார்’ என்று ஒரு கட்சி. ‘வயசுல அடிச்சவருக்குத்தாண்டா வயசானப்புறம் அடிக்காம இருக்கத் தெரியும்’ என்று இன்னொரு கட்சி. நானும் கள்ளப் பெயரில் ஒன்று எழுதினேன்: ‘ஒரு ஆளை நல்லவனாகவே விட்டுவைக்க உங்களுக்கு மனசு வராதா?’ பிறகு அழித்துவிட்டேன்.

ஆனந்தகுமாருக்குப் பயம் பிடித்துவிட்டது. சண்டை முடிந்ததும் இளவயசுப் பெரியவர் முதுகைக் காட்டி நாலு செகண்டு நிற்கிறார். மூலத்தில் வெறும் காற்றுச் சத்தம். “அங்க ஒண்ணு வச்சிருங்க மேடம். ‘இதைச் செய்தது நானல்ல, எனக்குள் புகுந்த இருள்’னு. பழைய வரியும் தப்பிச்சுரும், ஃபேன்ஸும் அடங்கிருவாங்க.”

நல்ல யோசனைதான். சரி என்று சொல்லிவிட்டேன். வேலை சுளுவாக முடிந்தது. மனசு மட்டும் ஏனோ சரியில்லை.

7 ஆகஸ்ட், வியாழன்

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். தெருவில் கால் வைக்க இடமில்லை. இன்றைக்குப் பார்த்து அம்மா சொல்லுகிறாள்: “கல்லுல அந்த வரியப் போடணும்னா, அய்யாத்துரைட்ட ஒருக்கா காட்டிட்டுப் போடு. அவன் சரின்னா எனக்கும் சரி.”

அய்யாத்துரை மாமா அப்பாவின் சிநேகிதர். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. எப்போதும் கறுப்புக் கண்ணாடி. சின்ன வயசில் சோடா பாட்டில் வெடித்து இடது கண் போய்விட்டது என்று சொல்லுவார்கள். ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் எங்கள் வீட்டில் முதல் கேக்கும் முதல் வேட்டியும் அவருக்குத்தான் போகும். அப்பா தானே கொண்டுபோய்க் கொடுப்பார், எங்களை அனுப்பமாட்டார்.

அவரிடம் ஏன் கேட்கணும்? கேட்டேன். அம்மா, “போயிக் கேளு” என்று மட்டும் சொன்னாள்.

9 ஆகஸ்ட்

போனேன்.

மார்க்கெட் ஓய்ந்து, ஈரச்சாக்கும் பிச்சிப்பூ வாசனையும் மட்டும் மிச்சம் இருந்த நேரம். கல் கடைக்காரர் அனுப்பிய படத்தை ஃபோனில் காட்டினேன். மாமா வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“எழுத்து அழகா இருக்கு” என்றார். பிறகு, சாதாரணமாக, “அப்போ நான் விழுந்தது?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மாமா சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எண்பத்தி நாலாம் வருசம். தீபாவளிப் படம், முதல் நாள், டிக்கெட் வரிசை. இப்போது கல்யாண மண்டபமாக இருக்கிற தியேட்டர். யார் முன்னால் நிற்பது என்று அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாய்த் தகராறு. அவ்வளவுதான் காரணம். பக்கத்துக் கடையில் இருந்த சோடா பாட்டிலை அப்பா எடுத்தார். பாட்டில் வெடிக்கவில்லை. எங்க அப்பாதான் அடிச்சார்.

“போலீஸ்காரன் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டான். சோடா வெடிச்சிட்டுய்யா, ஜோஷ்வா கையால ஒருத்தரும் விழலன்னு சொல்லிட்டேன். அது ஒங்கப்பன் வரி இல்ல தாயி. என் வரி. நான் எழுதிக் கொடுத்தத, அவன் நாப்பது வருசமா காப்பாத்திட்டு இருந்தான்.”

“கோபம் இல்லையா மாமா?”

“ஏன் இல்லாம? ரெண்டு வருசம் மூஞ்சியில முழிக்கல. பெறவு கோபப்பட்டும் கண்ணு வரலையே. சவத்த விடுன்னு விட்டுட்டேன். அவந்தான் விடல. நான் இருக்கையில அந்த வரியச் சொல்லவே மாட்டான், கேட்டியா.”

அடித்த பிறகு அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். ஓடிவிட்டாரா?

“ஓடலியே. பக்கத்துல உக்காந்து, எந்திரி மக்கா, வீட்டுக்குப் போவோம்னான். ரத்தமா ஊத்துது. கோட்டிப்பய, எந்திரி வீட்டுக்குப் போவோம்ங்கான்.”

கல்லைப் பற்றி அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு பந்து பிச்சி சுற்றிக் கொடுத்து அனுப்பினார்.

10 ஆகஸ்ட்

ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. அம்மாவோடு பேசவில்லை.

12 ஆகஸ்ட்

பழசெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து உட்காருகிறது.

அப்பா என் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தியேட்டர் வாசலையே மிதிக்கமாட்டார். சபைக்காரங்க வழக்கம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெரிய குறைதான் அது.

சோடா வாங்கமாட்டார். எந்தக் கல்யாண வீட்டிலும்.

இன்னொன்று. முதல் படம் வந்தபோது, உங்க வரியைப் படத்தில் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “எத்தன பேரு கேப்பாங்க?” என்றார். லட்சக்கணக்கில் என்றேன், அவ்வளவு பெருமையோடு. கையைக் கழுவப் போனார். குழாயடியில் நின்றுகொண்டே, “அத அழிக்க முடியுமா மக்கா?” என்று கேட்டார்.

கூச்சப்படுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். சிரிச்சேனே. அவர் எவ்வளவு நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றார் என்றுகூடப் பார்க்கவில்லையே நான்.

13 ஆகஸ்ட்

பெரியவர் அடிக்கலாமா கூடாதா என்று ஊரே கேட்கிறது. எனக்கு வேற கேள்வி. கம்பைக் கீழே வைக்கிறார், கீழே வைக்கிறார் என்று மூன்று படமாக உருகி உருகி எழுதினேனே. கீழே வைக்கணும் என்றால் அது முதலில் கையில் இருந்திருக்கணும். எடுத்தவன்தானே வைக்கமுடியும். இது ஏன் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை?

அப்பாவை நான் கும்பிட்டேன். ஒரு தடவை உட்கார்த்திக் கேட்டதில்லை.

இன்றைக்கு முழுக்க அவர்மேல் கோபம்தான். அம்மாமேலும். எல்லாரும் சேர்ந்து என்னைப் பச்சைப்பிள்ளையாகவே வைத்திருந்தீர்களே.

16 ஆகஸ்ட்

கல் கடைக்குப் போனேன். ‘என் கையால’ வரை வெட்டிவிட்டார். இனி அழித்தால் பள்ளம் தெரியும் என்றார். கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தை மெருகேற்றி, பெயரும் தேதியும் மட்டும் வெட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அம்மாவிடம் சொன்னேன். “சரி” என்றாள். சோறு போட்டாள். ஒரு வாரத்தில் இன்றைக்குத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

19 ஆகஸ்ட்

பதினோரு நிமிஷச் சண்டையை எழுதி முடித்தேன். அதில் ஒரு பஞ்ச் வசனம்கூட வைக்கவில்லை. மூச்சும் முனகலும்தான்.

முதுகு காட்டுகிற இடத்துக்கு வந்தேன். நாலு செகண்டு. ‘எனக்குள் புகுந்த இருள்’ என்று அடித்தேன். சரியாக உட்கார்ந்தது. சங்கரராமன் சார் குரலில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்பா சொல்லுவாரா இதை? நான் செய்யல, வேற எதுவோ செஞ்சதுன்னு? நாப்பது வருசத்தில் அவர் ஒரு தடவைகூட மாமாவிடம் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

அழித்தேன். “எந்திரி மக்கா, வீட்டுக்குப் போவோம்” என்று வைத்தேன்.

20 ஆகஸ்ட்

ஆனந்தகுமார் கத்தினார். “கீழ விழுந்தவன் செத்துக்கிட்டு இருக்கான் மேடம். வீட்டுக்குப் போவோம்னா? பழைய வரி என்னாகுறது? காமெடியாயிரும்.”

“பழைய வரி பொய்னு ஜனம் தெரிஞ்சுக்கட்டும். வயசானவரு அன்னைக்குச் சொன்னது பொய். ஏன் பொய் சொன்னாருன்னு இதுல தெரியும்.”

“மக்காவாவது தூக்குங்க. விண்வெளியில ஏது மக்கா?”

அதை விட்டுக்கொடுத்தேன். எழுந்திரு, வீட்டுக்குப் போவோம். இதையும் தூக்கினால் என் பெயரையும் சேர்த்துத் தூக்கிருங்க என்றேன். அடுத்த படம் எனக்கு வராது என்று நினைக்கிறேன்.

23 ஆகஸ்ட், சனி

ஆராதனை முடிந்தது. கல் வைத்தாகிவிட்டது. பாதி வெட்டின வரி இருக்கிற பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது, யாருக்கும் தெரியாது. அய்யாத்துரை மாமா கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், செருப்போடு வரலாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஒரு கூடைப் பூவையும் கல்மேல் கொட்டினார்.

11 செப்டம்பர்

சங்கரராமன் சார் பேசி முடித்துவிட்டார். அந்த நாலு செகண்டை மட்டும் அனுப்பினார். கேட்கத் தைரியம் வரவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

மாமாவைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தியேட்டருக்குள் வந்து நாற்பத்தியோரு வருசம் ஆச்சு என்றார். அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன், என்னையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

சண்டை வந்தது. முதலில் விசில். போகப்போக விசில் நின்றுவிட்டது. சிநேகிதன் விழுந்தான். பெரியவர் முதுகைக் காட்டி நின்றார்.

“எழுந்திரு. வீட்டுக்குப் போவோம்.”

அப்பாவின் குரல், நான் பார்க்காத வயசில். மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். படம் வேறு எங்கோ போய், ரெண்டு கப்பல் வெடித்து, ஒரு நிலா உடைந்த பிறகுதான் அவர் என் பக்கம் குனிந்தார்.

“மூணு தடவ சொன்னான் தாயி. நீ ஒரு தடவதான் வச்சிருக்க.”

“அந்த ஷாட் நாலு செகண்டுதான் மாமா” என்றேன்.

“ம்” என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொள்ளாமல், படம் முடிகிறவரை மடியிலேயே வைத்திருந்தார்.