கட்டாது

மார்ச் 4

என் மகள் பாடும் ராக் குழுவின் முதல் பாட்டு இன்று வெளியாகிவிட்டது. பாட்டின் பெயர் 'கட்டாது'. அதில் அந்தச் சொல்லைச் சொல்வது நான். என்னைக் கேட்காமலே.

போன மாதம் என் கடையில் ஒரு மேஸ்திரியோடு வாஷ்பேசின் விலைக்கு மல்லுக்கு நின்றேன். மகள் கல்லாவில் உட்கார்ந்து அதைப் போனில் பதிந்திருக்கிறாள். "கட்டாதுங்க... சத்தியமா கட்டாது... வேற கடையில போய்க் கேளுங்க!" அதன் கீழே இரும்புக் குழாயை அறுக்கிற மாதிரி கிட்டார். 'இடி' என்று கூப்பிடுகிறார்களே, அந்த டிரம்காரன் தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டுகிறான். கருமம்.

"உங்க குரல்ல ஒரு கோபம் இருக்குப்பா. யாருக்கும் வராது."

கோபமா? லாபம் போகிற வயிற்றெரிச்சல்டி அது.

மார்ச் 6

சமையலறையில் என் மனைவி அதை முணுமுணுக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 9

எவனோ இணையத்தில் விமர்சனம் எழுதியிருக்கிறான். 'திருமணக் கட்டை உதறும் தலைமுறையின் அலறல்' என்று. அடப்பாவி, அது வாஷ்பேசின் விலை!

மனைவியின் அண்ணன் போன் செய்தார். "என்ன மாப்ளே, பொண்ணு கல்யாணமே வேணாங்குதாமே? அதுக்கு நீங்களே பின்பாட்டா?" சிரித்துச் சிரித்து இருமினார். வைத்துவிட்டேன்.

மார்ச் 15

கடைக்குக் கூட்டம் வருகிறது, வாங்க அல்ல. "அங்கிள், ஒரு தடவ சொல்லுங்க அங்கிள்!" காட்சிக்கு வைத்த கழிப்பறைக் கோப்பையில் ஒருத்தன் குந்திப் படம் எடுத்துக்கொள்கிறான். புது பேசினுக்குள் யாரோ மென்று ஒட்டிவிட்டுப் போன பபிள்கம். எச்சில் நூலோடு அதை நானே சுரண்டி எடுத்தேன்.

மார்ச் 17

அதைவிடக் கேவலம் இன்று நடந்தது. கான்டிராக்டர் ஒருவர், பெரிய ஆர்டர். அடிமாட்டு விலைக்குக் கேட்டார். வாய் பழக்கத்தில் "கட்டாதுங்க" என்றேன். மனுஷன் மேசையில் தாளம் தட்டி அடுத்த வரியைப் பாடுகிறார்! அப்புறம் எங்கே விலை பேச? அவர் கேட்டதற்கே கொடுத்து அனுப்பினேன்.

கையில் ஒன்றுமில்லாமல் இந்தத் தெருவுக்கு வந்தவன் நான். முதலாக இருந்ததே அந்த ஒரு சொல்தான். அதைச் சொன்னால் எதிராளி ஒரு படி இறங்குவான். இப்போது சிரிக்கிறான். "முடியாது" என்று சொல்லிப் பார்த்தேன். வாயில் ஒட்டவே இல்லை.

மார்ச் 22

பாட்டை எடுத்துவிடு என்றேன்.

"நாளைக்கு ஒரு கம்பெனிக்காரர் வர்றாருப்பா, பாட்ட வாங்க. வித்துட்டா அது எங்க கையில இல்ல," என்றாள்.

பத்திரத்தைக் காட்டினாள். படித்தேன். பாட்டு, மெட்டு, பெயர் எல்லாம் கம்பெனிக்கே, உலகம் உள்ளவரை. சீ! திருடன்கூடச் சுவரையாவது விட்டுப் போவான். இதில் கையெழுத்துப் போடக் குழுவின் நாலு பிள்ளைகளும் பேனாவோடு நிற்கிறார்கள். "அவரு எங்கள ரொம்பப் பாராட்டினாருப்பா." பாராட்டினானாம்! வாங்க வந்தவன் சரக்கைப் பாராட்டினால் அங்கேயே உஷாராக வேண்டாமா?

மார்ச் 23

கம்பெனிக்காரரைக் கடை மாடியிலேயே உட்கார வைத்தேன். ஆளுக்கு முன்னால் சென்ட் வந்தது. என் மகளைப் "பாப்பா, பாப்பா" என்றார். நான் வாயைத் திறக்காமல் காப்பி ஊற்றிக் கொடுத்தேன்.

"ஒரே ஒரு மாற்றம் பாப்பா. அந்தக் கரகரக் கிழட்டுக் குரலைத் தூக்கிட்டு நடிகர் யாரையாவது போட்டுடலாம்."

நான் கேட்டதும் அதுதானே? என் குரல் போகட்டும், என் சொல் எனக்கே திரும்பி வரட்டும். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

மகள் பேனாவை மூடினாள். "எங்கப்பா குரல் இல்லன்னா பாட்டே இல்ல சார்."

"அப்ப விடுங்க," என்று அவர் எழுந்தார். எழுந்தவர் மீதிக் காப்பியைக் குடிக்கிறார். நிஜமாகப் போகிறவன் காப்பியை முடித்துவிட்டா போவான்?

"உக்காருங்க சார்," என்றேன். பாட்டில் வரும் அதே குரலைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது.

பொழுது சாயும் வரை பேசி முடித்தது இது: பாட்டு நால்வருக்கே சொந்தம். கம்பெனிக்கு இரண்டு வருஷம் மட்டும். வருமானம் பாதிக்குப் பாதி. விளம்பரத்துக்குக் கொடுப்பதென்றால் நால்வரும் சம்மதிக்க வேண்டும். குரலில் கை வைக்கக் கூடாது.

மகளோடு தனியாக ஒன்று பேசினேன்: என் சொல் எனக்கில்லாத அந்த இரண்டு வருஷமும் சனி, ஞாயிறு கடையில் விலை பேசுவது அவள்.